தையலக்காவுக்குக் கதை சொன்னவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்குள் போகிறவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் அங்கியில் பொத்தான் இருக்காது, கொக்கி இருக்காது. இரும்பு எதுவும் அந்த மெஷின் பக்கம் போகக் கூடாது. முதுகுப்பக்கம் திறந்தபடி, கழுத்தில் ஒரு நாடா, இடுப்பில் ஒரு நாடா, அவ்வளவுதான். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பின்பக்கத் துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் கூனிக் குறுகி நடந்து போனார். துணி மூட்டை இறக்க வந்த தையலக்கா நின்று பார்த்தார். மூட்டையை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து வந்த அங்கிகளில் முதுகுப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று மடியும்படி ஒரு முழத் துணி கூடுதலாக இருந்தது. நடுமுதுகில் மூன்றாவதாக ஒரு நாடா. கிழிந்த படுக்கை விரிப்பை வெட்டிச் சேர்த்திருந்தார். நான் கீழே போய்க் கேட்டேன்.

"சத்தம் போடாத பொண்ணே. அளவு மாத்தினது தெரிஞ்சா ஸ்டோர்காரருக்கு ரத்தக் கொதிப்பு வந்துடும்."

அப்படித்தான் பழக்கமானோம். எனக்கு மேலே மூளை ஸ்கேன் பகுதியில் வேலை. ஆட்களைப் படுக்க வைப்பது, தலைக்கு அணை கொடுப்பது, பயந்தவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது. அக்காவுக்குக் கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்தை அடுத்த தையல் அறை. இரண்டு கரண்ட் மெஷின், ஒரு பழைய மிதி மெஷின். மதியம் நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். அக்கா அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மிதி மெஷினின் பெல்ட்டைக் கழற்றுவார். பலகையில் கோடு போட்ட நோட்டை விரிப்பார். கால் மிதிக்கும், கை எழுதும். சக்கரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். கால் நின்றால் எழுத்தும் நின்றுவிடும்.

ஸ்டோர்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, மெஷின் ஓடுது, துணியக் காணோம்?"

"சும்மா நூல் விட்டுப் பாக்கிறேன் சார். நீங்க லேப் பக்கம் போய் விடறீங்களே, அந்த மாதிரி."

மனிதர் காது சிவந்து போய்விட்டார். அப்புறம் வெகுநாள் அந்தப் பக்கம் தலை காட்டவே இல்லை.

அக்கா எழுதியது கதை. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, தினமும். எங்கேயும் அனுப்பியதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அக்கா எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவார். எல்லாக் கதையிலும் ஒரு பெண் வருவாள். வாயாடி. பேருந்தில் சண்டை போடுவாள், வீடு மாறுவாள், பக்கத்து வீட்டுக்காரியோடு முறைத்துக்கொண்டு, அவளுக்கே பிரசவம் பார்ப்பாள்.

"எப்படிக்கா இவ்வளவும் தோணுது?"

"தோணல பொண்ணே. அவ சொல்றா, நான் எழுதறேன்."

அவள் என்பது அக்காவின் தங்கை. அப்போது அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, தங்கைக்கு ஒன்பது. தங்கைதான் கதைகாரி. பக்கத்தில் படுத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருப்பாள், அக்கா "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் மதியம் கண்ணை மூடிக்கொண்டே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு அசதி.

"வாய மூடுடீ, கொஞ்சம் தூங்க விடுன்னேன். மூடினா. நான் முழிச்சுப் பாக்கிறப்ப அவ இல்ல."

அக்கா இதைச் சொன்னபோது அழவில்லை. ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார். எட்டு மாதம் கழித்து, அம்மாவின் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தபோது, விட்ட இடத்திலிருந்து அந்தக் கதை காதுக்குள் தொடர்ந்ததாம்.

"பயமா இல்லையாக்கா?"

"முதல்ல பயந்தேன். அப்புறம் பழகிடுச்சு. இப்ப அவளுக்கும் வயசாயிடுச்சு பொண்ணே. குரலே கரகரன்னு இருக்கு. முட்டி வலின்னு என்கிட்டயே புலம்புறா. எனக்கு இல்லாத முட்டி வலி!"

என்னை அக்கா ஒரு நாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இந்தக் கதை கேட்ட நாளில் மேலே போகிற வழியில் ஆண்டவனை வேண்டிக்கொண்டேன். யாருக்காக என்று எனக்கே தெரியவில்லை. இருக்கிறவளுக்கா, இல்லாதவளுக்கா?

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதிக்குப் புதிதாக ஒரு மூளை டாக்டரம்மா வந்தார். கதை எழுதும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி. கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேரை மெஷினுக்குள் படுக்க வைத்து, வயிற்றின் மேல் சாய்வாக ஒரு பலகை, கையில் இரும்பில்லாத பிளாஸ்டிக் பேனா, பலகை தெரிய கண்ணுக்கு மேல் ஒரு கண்ணாடி எல்லாம் கொடுத்தார். ஒரு நிமிடம் யோசிக்க, இரண்டு நிமிடம் எழுத. படமெல்லாம் எடுத்தாயிற்று.

"இவங்க எல்லாம் என்னிக்காவது எழுதறவங்க. தினமும் எழுதி எழுதிப் பழகின ஆள் ஒருத்தர் கிடைச்சா ஒப்பிட்டுப் பாக்கலாம்," என்றார் டாக்டரம்மா.

என் நாக்கு சும்மா இருந்திருக்கலாம். "நம்ம தையலக்கா எழுதுவாங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா தான் தைத்த அங்கியையே போட்டுக்கொண்டு வந்தார். "மூணாவது நாடா நல்லாத்தான் நிக்குது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். முதல் தடவை படம் முழுக்கக் கலங்கிப் போய் வந்தது. டாக்டரம்மா மைக்கில் கத்தினார்: "அசையாதீங்க!" அக்கா தலையை அசைக்கவில்லை. கால் மிதித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போய் இரண்டு பாதத்தையும் துணி நாடாவால் சேர்த்துக் கட்டினேன். கால் கட்டினால் கதை எங்கே வரும், காரியம் கெட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்த ஸ்கேன் மெஷின் ஓடும்போது டக் டக் டக்கென்று விடாமல் அடிக்கும். அக்கா பேனாவை எடுத்தார். நிற்கவே இல்லை.

வெளியே வந்ததும், "எனக்குப் பதிலா அந்த மெஷினே மிதிச்சிடுச்சு பொண்ணே," என்று சிரித்தார்.

திரையில் டாக்டரம்மா எனக்குக் காட்டினார். பிள்ளைகள் கதையை யோசித்தபோது அவர்களுக்குப் பின்மண்டையில், பார்க்கிற இடத்தில், மினுமினுத்தது. கதையைப் படமாகப் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது மினுக்கவில்லை. இடது பக்கம், பேச்சு பிறக்கிற இடமும் பேச்சைக் கேட்கிற இடமும் எரிந்தன. உள்ளே ஆழத்தில் சின்னதாக இன்னொன்றும் எரிந்தது. பழகிப் பழகி யோசிக்காமலே வருகிற வேலைக்கு அந்த இடமாம், சைக்கிள் ஓட்டுவது, தையல் மிதிப்பது மாதிரி.

"இவங்களுக்குக் கதை கண்ணுக்கு வரலம்மா, காதுக்கு வருது. வாய் அசையாமலே பேசிக்கிறாங்க. தன் பேச்சையே அடுத்தவங்க பேச்சு மாதிரி கேக்க மூளைக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். விளக்கு எரிகிறது என்று படம் காட்டியது. ஏற்றியது யார் என்று அதில் இல்லை.

டாக்டரம்மா அடுத்த படத்துக்குப் போனார். அவர் விரல் நின்றது. கேட்கிற இடத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக, நெல்லிக்காய் அளவில் ஒன்று. சட்டென்று திரையை அணைத்துவிட்டு, "அவங்க வீட்டுக்காரரை நாளைக்கு வரச் சொல்லுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் நானே அக்காவிடம் போய், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தைக் காட்டினார். மேலே தேதி போட்டிருந்தது, மூன்று வாரத்துக்கு முந்தியது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். "அக்கா, நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதோ ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. கொஞ்சம் தள்ளிப் படு."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். உடம்பு தனக்கு வந்ததை முன்கூட்டியே உணர்ந்து இப்படிச் சொல்லியிருக்கும் என்றார். இருக்கலாம். அந்தப் பக்கத்தைப் பிடித்த என் விரல்கள் அன்றைக்கெல்லாம் சில்லென்று இருந்தன.

அக்காவின் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவர். "எங்க வீட்டுல மொத்தம் மூணு பேர்மா. நான், அவ, அப்புறம் என் கொழுந்தியா. கொழுந்தியாவுக்கு மட்டும் சாப்பாட்டுச் செலவு இல்ல," என்று முன்னொரு தடவை சொல்லியிருந்தார். பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று அந்தச் சிரிப்பு இல்லை. மண்டையைத் திறந்து, ஆளை முழிக்க வைத்துப் பேசவிட்டு, எந்த இடம் பேச்சுக்குத் தேவை என்று லேசான கரண்டால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மற்ற இடத்துக் கட்டியை எடுப்பார்களாம். முழுதாக எடுத்துவிட்டால் பல வருடம் இருக்கலாம். மிச்சம் விட்டால் மறுபடி வளரும்.

பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க, பழகின ஆள் ஒருவர் வேண்டும் என்றார் பெரிய டாக்டர். வீட்டுக்காரருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். அக்கா என்னைக் கேட்டார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை, வாசல் பெஞ்சில் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ ஒண்ணு செய்யணும்மா. அவ உள்ள போய் ஏதாவது அடம் பிடிப்பா. தங்கச்சி கிங்கச்சின்னு சொல்லுவா. நீ விடாத. முழுசா எடுத்துடுங்கன்னு சொல்லு. முப்பது வருஷமா அந்தச் செத்த பொண்ணோட பங்கு போட்டுக்கிட்டேன். இனிமேலாவது எனக்கு ஒருத்தியா இருக்கட்டும்."

"சொல்றேன்ணே" என்றேன். ஆண்டவன் பேரைச் சொல்லித்தான் வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே போனோம். பச்சைத் துணி மறைப்புக்கு இந்தப் பக்கம் அக்காவின் முகமும் நானும். அந்தப் பக்கம் டாக்டர்கள். அக்கா முழித்துக்கொண்டதும் படங்களைக் காட்டினார்கள். நாற்காலி, குடை, பூனை. ஒரு இடத்தைத் தொட்டபோது அக்காவுக்கு வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. அங்கே சின்னதாக ஒரு எண் காகிதம் வைத்தார்கள். அது வெட்டக் கூடாத இடம். இப்படி நாலைந்து காகிதம்.

அடுத்து ஓர் இடம். நாற்காலி என்றார், குடை என்றார், பூனை என்றார். தடையே இல்லை. "இது எடுக்கலாம்," என்றார் பெரிய டாக்டர்.

"டாக்டர்," என்றார் அக்கா, "ஒரு தடவ கதை சொல்லிப் பாத்துக்கட்டுமா?"

"சொல்லுங்க, நல்லதுதான்."

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கா ஆரம்பித்தார். அந்த வாயாடிப் பெண் மாடி வீட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள். மேலே கதவு பூட்டியிருக்கிறது.

"அப்புறம்?" என்றேன்.

டாக்டர் அந்த இடத்தைத் தொட்டிருக்க வேண்டும். அக்காவின் கண் அகலமானது. "அப்புறம்... தெரியல பொண்ணே. யாரும் சொல்லல." தெளிவாகத்தான் பேசினார். குரலில் குழறல் இல்லை. ஆனால் ஆள் இல்லாத வீட்டில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. "யாருமே இல்ல."

டாக்டர் கையை எடுத்ததும், அக்கா மூச்சு விடாமல் தொடர்ந்தார்: "கதவத் தட்டினா பூட்டு உள்பக்கமா தொங்குது, உள்ள இருக்கவனுக்கு வெளிய வர வழியில்ல..."

மறுபடி தொட்டார்கள். மறுபடி அதே. மூன்று தடவை.

பெரிய டாக்டர் மறைப்பைத் தாண்டிக் குனிந்தார். "அம்மா, இது பேச்சுக்கு ஆபத்தில்லாத இடம். எடுத்தா நீங்க எப்பவும் போல பேசலாம், வேலை பாக்கலாம். விட்டா, ரெண்டு மூணு வருஷத்துல திரும்ப வரும். கதை மட்டும்தான் போகும். என்ன சொல்றீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கொடுத்த வாக்கு நெஞ்சில் இருந்தது. வாயைத் திறந்தேன். 'சொல்லு சொல்லு' என்று உள்ளே ஒன்று அடித்துக்கொள்கிறது, அக்காவின் கை என் கையில் சூடாக இருக்கிறது. நான் சொல்லவில்லை.

"ஒரு தடவ அவள வாய மூடுன்னு சொல்லிட்டேன் டாக்டர்," என்றார் அக்கா. "ரெண்டாவது தடவ சொல்ல மாட்டேன். அத விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். நக அளவு.

வெளியே வந்தபோது வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அதிலேயே தெரிந்துகொண்டு திரும்பிக்கொண்டார். இரண்டு மாதம் என்னோடு பேச்சில்லை. நான் கும்பிட்டால்கூட ஜன்னல் பக்கம் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? வாக்கை மீறியது நான். இன்றைக்கும் கண்ணை மூடி வேண்டிக்கொள்ள உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது அந்தப் பச்சைத் துணியும் என் திறந்த வாயும்தான்.

அக்கா வேலைக்குத் திரும்பினார். தலையில் துணி கட்டிக்கொண்டு முன்போலவே தைத்தார், முன்னைவிட அதிகமாக எழுதினார். இரண்டேகால் வருடத்தில் பதினாலு நோட்டு. ஸ்டோர்காரர்கூட மனம் இளகி, கணக்கில் வராத நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, "எலி கடிச்சதுன்னு எழுதிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அப்புறம் ஒரு நாள் தண்ணீர் கேட்க நினைத்து, "கத்தரிக்கோல் குடு பொண்ணே," என்றார். நான் கத்தரிக்கோலைக் கொடுத்தேன். இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குப் பின் சீக்கிரமே வீட்டோடு ஆகிவிட்டார். வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வீட்டுக்காரரின் பேர் போயிற்று. சாப்பாடு, வலி, ஜன்னல் எல்லாம் போயிற்று. எதையோ சொல்ல வாயைத் திறப்பார், கண்ணில் நீர் முட்டும், மூடிக்கொள்வார். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் எனக்கே தெரியாமல், பழக்கத்தில், "அப்புறம்?" என்றேன்.

அக்கா கடகடவென்று பேச ஆரம்பித்தார். ஒரு வார்த்தை தடுக்கவில்லை. ஆனால் குரல் வேறு. வேகம் கூட, கொஞ்சம் கரகரப்பு, நக்கல். மாடி வீட்டுக்காரனைத் திட்டுகிறது, பால் கொதித்து வழிந்ததைச் சொல்கிறது. வாசற்படியில் நின்றிருந்த வீட்டுக்காரர் கையிலிருந்த தட்டைத் தரையில் வைத்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த வரல," என்றார். "அவளுக்கு மட்டும் ஒரு ஊர்ப் பேச்சு வருது."

நான் எழுந்து, என் ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினேன். வெகுநேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"ஏம்மா கொழுந்தியா," என்றார். "உங்கக்காவுக்குத் தல வலிக்குதான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

"வலிக்குது மாமா. வலது பக்கமா திருப்பிப் படுக்க வைக்கச் சொல்றா," என்றது அந்தக் குரல்.

அவர் திருப்பிப் படுக்க வைத்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான் எல்லாம் நடந்தது. கஞ்சி வேண்டுமா, போர்வை வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கொழுந்தியாவைத்தான் கேட்பார். சமயத்தில் வாக்குவாதமும் நடக்கும். "நீ சும்மா இரு, நான் என் பொண்டாட்டியக் கேக்கிறேன்" என்பார். "அப்ப அவளையே கேளுங்களேன்" என்று பதில் வரும். மனிதர் சிரித்துவிட்டு, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார். என்னோடும் பேச ஆரம்பித்திருந்தார். அந்த அறைக்குள் நுழையும்போது எனக்கு மட்டும் மயிர்க்கூச்செறிவது நிற்கவே இல்லை.

கடைசியாகப் பார்த்தது ஒரு வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு. வீட்டுக்காரர் பின்பக்கம் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். நான் நெற்றியைத் தடவிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த ஒரு பிரார்த்தனையை மெல்லச் சொல்லி, கிளம்ப எழுந்தேன். "வரேன்க்கா," என்றேன். அக்காவின் கண்கள் நன்றாகத் திறந்துதான் இருந்தன. என்னைத்தான் பார்த்தன. நான் "அப்புறம்?" என்று கேட்கவே இல்லை. இருந்தும் அந்த வேகமான கரகரத்த குரல், முதல் தடவையாக நக்கல் இல்லாமல், ரகசியம் சொல்வதுபோல் மெதுவாக வந்தது.

"சத்தம் போடாத. அக்கா இப்பத்தான் கண்ணசந்தா. நீ போயிட்டு வா, நான் பக்கத்துலதான் இருக்கேன்."